நான் படிக்காமல் விட்ட மூன்று வரி

எனக்கு எழுபத்து மூன்று வயது நடக்கிறது. ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். பெற்றது நான்கு, கொழுந்தனார் போன பிறகு அவர் பிள்ளைகள் இரண்டு. ஆறு பேரும் இன்றுவரை சோற்றுக்காக யார் வாசலிலும் நின்றதில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இனி சொல்லப்போவதில் என் பேரில் ஒரு குற்றம் வருகிறது. அந்தக் குற்றம் ஒன்றை மட்டும் செய்துவிட்டு உட்கார்ந்திருந்தவள் என்று யாரும் என்னை நினைக்கக் கூடாது.

எழுத்து எனக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல்தான் வந்தது. விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறையில் வேலை பார்த்த நாளில், சாயங்காலம் வேலை விட்டதும் ஒரு டீச்சர் வருவார். காயவைத்த பொம்மைகளை ஒதுக்கிவிட்டு எங்களை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். பஸ் போர்டு படிப்பேன், ரேஷன் கார்டு படிப்பேன், எழுத்து பெரிதாக இருந்தால் நோட்டீஸும் படிப்பேன். இதை எழுத எனக்குப் பதினோரு நாள் ஆனது. ஆகட்டும். எனக்கு ஓடிப்போய் ஏறவேண்டிய பஸ் எதுவும் இப்போது இல்லை.

நான் எழுதவந்தது ஒருத்தியைப் பற்றி. அவள் பெயரை எழுத மாட்டேன். "என் பேரை எங்க எழுதுனாலும் என்னைக் கேட்டுட்டு எழுதுக்கா" என்று சொல்லிவைத்தவள் அவள். போன மழைக்கு முந்தின மழையில் போய்ச் சேர்ந்துவிட்டாள். இனி யாரைக் கேட்பது?

எங்கள் ஊர் ஓரத்தில் ஒரு மேடு உண்டு. அதில் இருளர் குடிசைகள் இருபதுக்கு மேல். அங்கிருந்துதான் பட்டறைக்கு வந்தாள். களிமண் மூட்டை சுமப்பது, கட்டி உடைப்பது, சலிப்பது எல்லாம் அவள் வேலை. நான் அச்சில் மண்கூழ் ஊற்றுகிறவள். அவள் ஆட்கள் எங்களை 'அம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். இவள் வந்த முதல் நாளே, "யக்கா, தள்ளு, மூட்டை வருது" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. யாரைப் பார்த்து அக்கா என்கிறாள் என்று இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாளும் அக்கா என்றே கூப்பிட்டாள். நான்காம் நாள் 'என்னா' என்று கேட்டுவிட்டேன். அவளிடம் நான் தோற்ற முதல் இடம் அது.

சூளை பிரிக்கும் நாளில் அவளைப் பார்க்க வேண்டும். சுட்ட சாமானை ஒவ்வொன்றாகக் காதோரம் கொண்டுபோய் விரல் முட்டியால் தட்டுவாள். நல்லது கணீரென்று சொல்லும். கீறல் இருந்தால் சத்தம் அமுங்கும். மேஸ்திரி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து நல்லது என்று வைத்ததைக்கூட இவள் எடுத்து ஓரத்தில் வைத்துவிடுவாள்.

"கண்ணுக்கு ஒண்ணும் தெரியலியே" என்பேன்.

"கண்ணுகிட்ட அது பொய் சொல்லும்க்கா. காதுகிட்ட சொல்லாது."

காகிதத்திலும் அவள் அப்படித்தான். படித்துக் காட்டாத எதிலும் கைநாட்டு வைக்க மாட்டாள். ஒருமுறை பட்டறையில் எல்லோரிடமும் ஏதோ ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தார்கள். நான் உட்பட எல்லோரும் போட்டாயிற்று. இவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஏய், இத்தினி பேரு வெச்சுட்டாங்க. உனக்கு மட்டும் என்னா கேடு?" என்றார் மேஸ்திரி.

"இத்தினி பேரும் கேக்காம வெச்சுட்டாங்க இல்ல? அவுங்களுக்கும் சேத்து நான் கேக்குறேன். படிங்க."

அவர் படித்தார். லீவு நாள் மாற்றுவது பற்றிய தாள், அவ்வளவுதான். இவளுக்கு ஒரு வெட்கமும் இல்லை. "நல்ல தாளுதான்" என்று சொல்லி விரலை மையில் தோய்த்தாள். மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டு போனார்.

இதற்கெல்லாம் காரணம் அவள் அப்பா. வெள்ள நிவாரண அரிசிக்கு என்று சொல்லி அவரிடம் கைநாட்டு வாங்கினார்கள். அந்தத் தாள் அவர் குடும்பத்தையே ஒரு அரிசி ஆலையில் கொத்தடிமையாகக் கொண்டுபோய் அடைத்தது. அவளுக்குப் பல் விழுந்து முளைத்ததெல்லாம் அந்த ஆலைக்குள்தான். "எங்கப்பன் கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு. படிச்சுக் காட்ட ஒரு வாயி இல்ல" என்பாள்.

டீச்சர் அவளையும் கூப்பிட்டார். கையெழுத்தாவது கற்றுக்கொள் என்று கெஞ்சினார். முடியவே முடியாது என்றுவிட்டாள். நான் திட்டினேன்.

"ஏன்டி, நாலு எழுத்து. கசக்குதா உனக்கு?"

"கையெழுத்து போட்டேன்னு வெய்யி, படிச்சவன்னு நெனைச்சுக்குவாங்க. அப்புறம் எவனும் படிச்சுக் காட்ட மாட்டான். கைநாட்டுன்னா படிச்சுக் காட்டித்தான் ஆவணும். உனக்குப் படிக்கத் தெரியும்னு நீதான் மாட்டிக்கினு முழிக்கப்போற, பாரு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அப்படியே நடந்தது.

ஒரு தேர்தலில் எங்கள் ஊராட்சித் தலைவர் பதவியைப் பழங்குடியினருக்கு ஒதுக்கினார்கள். ஊருக்கே சிரிப்பு. மேட்டில் இருக்கிறவர்களுக்குத் தலைவர் நாற்காலியா என்று டீக்கடையில் ஒரு வாரம் இதே பேச்சு. ஆனால் மனு போட ஆள் இல்லை. நிற்க சாதிச் சான்றிதழ் வேண்டும். மேட்டில் ஒருவரிடமும் அது இல்லை. மனு வாங்க வந்தவர்கள் மேசை போட்டு உட்கார்ந்திருந்துவிட்டு மேசையை மடக்கிக்கொண்டு போனார்கள். பதவி காலியாகவே கிடந்தது.

அதன் பிறகுதான் அவள் சான்றிதழுக்கு நடக்க ஆரம்பித்தாள். வாரம் ஒருநாள் பட்டறைக்கு லீவு. ஓர் அதிகாரி அவளை நிறுத்திவைத்து, "நீ இருளச்சின்னு எப்படி நம்புறது? எலி பிடிக்கத் தெரியுமா?" என்று கேட்டாராம்.

"தெரியும். நீங்க என்னா பிடிச்சுக் காட்டி உங்க சர்டிபிகேட்டை வாங்குனீங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

அதற்காகவே இன்னும் சில மாதம் இழுத்தார்கள். இவளும் விடவில்லை. கடைசியில் சான்றிதழ் வந்தது. அதையும் என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். 'இந்து இருளர்' என்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொல்லி இன்னொரு தரம் கேட்டாள்.

காலியான பதவிக்கு மறுபடி தேர்தல் வைத்தபோது மனு போட்டாள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். அவர்கள் குடிசை இருந்த மேட்டுக்கு அடியில் பீங்கானுக்கு ஆகிற வெள்ளை மண் கிடந்தது. அதைத் தோண்ட ஊராட்சியில் ஒரு தீர்மானம் போட்டால் போதும் என்று காத்திருந்தவர் லாரி வைத்திருந்த ஒருவர். தலைவர் நாற்காலியில் தான் உட்கார்ந்தால் அந்தத் தீர்மானம் வராது, மேடு நிற்கும். அவள் கணக்கு அவ்வளவுதான்.

அந்த லாரிக்காரர் வேறு யாருமில்லை. என் நாத்தனார் மகன். என்னை 'அத்தை' என்று கூப்பிடுகிற பிள்ளை.

மனுவை முன்மொழிய ஆள் வேண்டும் என்றபோது அவனே முன்வந்தான். தன் ஆள் ஒருவரை முன்மொழியவும் வைத்தான். எங்களுக்கு அப்போது அது நல்ல மனசாகத் தெரிந்தது. அவன் தோட்டத்தில் வேலை செய்த இன்னொரு இருளரையும் எங்கிருந்தோ சான்றிதழ் வாங்கி மனு போட வைத்திருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

மனு போட்ட மூன்றாம் நாள், பட்டறை வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினான். அட்டையில் செருகிய தாள். மேல் பாகம் கிளிப்புக்கு அடியில் மடிந்திருந்தது.

"சின்னம் வாங்கணும், இதுல ஒரு கைநாட்டு வெக்கச் சொல்லுங்க அத்தை" என்றான்.

"படிச்சாத்தான் வெப்பேன்" என்றாள் அவள்.

"அதுக்கென்னா? எங்கத்தை படிப்பாங்க. நம்ம வகையறாவுலயே இந்த வயசுல படிச்ச பொம்பள எங்கத்தை ஒருத்திதான்."

பட்டறைப் பெண்கள் பத்துப் பேர் சுற்றி நின்றார்கள். கருவேப்பிலங்குறிச்சி பஸ் வருகிற நேரம். நான் தாளை வாங்கினேன். அவள் பெயர் இருந்தது. படித்தேன். புருஷன் பெயர், ஊர்ப் பெயர், படித்தேன். அதற்குக் கீழே எறும்பு ஊர்வதுபோல மூன்று வரி. எனக்குப் புரிபடாத நீளமான சொற்கள். பத்துப் பேர் பார்க்கிறார்கள். அவன் படித்த அத்தை என்று சொல்லிவிட்டான். எழுத்துக்கூட்டித் திக்கினால் என்ன ஆவது என் மானம்?

"எல்லாம் சரியாத்தான் இருக்குது" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "எல்லாத்தையும் படிச்சியாக்கா?"

"படிச்சேன்."

"கடைசியில சத்தம் மாறுச்சே."

"பஸ்ஸு வருதுடி. வெய்யி."

வைத்தாள்.

அந்தத் தாள் மனுவை வாபஸ் வாங்கிக்கொள்கிற தாள். முன்மொழிந்த அவன் ஆளே அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான். மறுநாள் போர்டில் அவள் பெயர் இல்லை. அவன் தோட்டத்தில் வேலை செய்த அந்தத் தோட்டக்காரர் போட்டியில்லாமல் தேர்வு என்று எழுதி ஒட்டினார்கள். தலைவர் முத்திரை அவர் கைக்கே வரவில்லை. நேராக என் நாத்தனார் மகன் சட்டைப் பைக்குப் போனது. வைகாசிக்குள் மேட்டின் கிழக்குப் பக்கம் பொக்லைன் ஏறிவிட்டது. எட்டுக் குடிசை போனது.

ஊரில் எல்லோரும் அவளைக் கேட்டார்கள். படித்துக் காட்டாமல் வைக்க மாட்டாயே, யார் படித்துக் காட்டியது என்று. நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். பட்டறைப் பெண்களும் வாயைத் திறக்கவில்லை, எல்லோரும் அவனுக்குப் பயந்தவர்கள். அவள் சொன்ன பதில், "யாரோ."

ஒரு மாதம் அவள் முகத்தைப் பார்க்காமல் வேலை பார்த்தேன். பிறகு தாங்காமல் கேட்டேன். "நான்தான்னு ஏன் சொல்லல?"

"சொன்னா நீ அதுக்கப்புறம் எதையும் படிக்கவே மாட்ட. எனக்குப் படிக்க ஆளு வேணுமில்ல?"

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. அன்று முதல் ஒரு புதுச் சட்டம் வைத்தாள். எந்தத் தாளையும் இரண்டு பேர் படிக்க வேண்டும். முதலில் ஒருத்தர், அவரை அனுப்பிவிட்டு இன்னொருத்தர். இரண்டும் ஒத்துப்போனால்தான் விரல் மைக்குப் போகும். என்னை மட்டும் எழுத்து எழுத்தாகப் படிக்கச் சொல்வாள். "வேகமா வேணாம். திக்கிப் படி. நீ திக்குனாத்தான் எனக்கு நம்பிக்கை."

அடுத்த தேர்தலிலும் பதவி பழங்குடிக்கே இருந்தது. அவள் மறுபடி நின்றாள். மனு போட நானும் கூடப் போனேன். என் நாத்தனார் மகன் வாசலில் நின்று, "அத்தை, நீங்க எதுக்கு இங்க? வூட்டுக்குப் போங்க" என்றான். "பஸ்ஸு இல்லப்பா" என்றேன்.

உள்ளே அதிகாரி தாளை நீட்டி மைப்பெட்டியைத் திறந்தார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"யக்கா, படி."

படித்தேன். பொடி எழுத்து, பெரிய எழுத்து, ஓரத்தில் இருந்தது, அடியில் இருந்தது எல்லாம். புரியாத சொல்லை அதிகாரியையே கேட்டேன், "இதுக்கு என்னா அர்த்தம் சார்?" என்று. பின்னால் வரிசை வாசல் வரைக்கும் போயிற்று. யாரோ சிரித்தார்கள். யாரோ திட்டினார்கள். எனக்கு வேர்த்து ரவிக்கை நனைந்தது. நான் நிறுத்தவில்லை.

"பாட்டிம்மா, பொழுது போயிடும் போல" என்றார் அதிகாரி.

"நாளைக்கும் வரோம் சார்" என்றாள் அவள்.

கடைசி வரி முடிந்ததும் அந்தத் தாளை அந்த அறையில் இருந்த ஒரு பியூனிடம் கொடுத்து இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். பிறகு கைநாட்டு வைத்தாள். எங்களுக்கு அடுத்து நின்றது அந்தத் தோட்டக்காரர். அத்தனை நாளும் தலைவராக இருந்து ஒரு தாளையும் கேட்காதவர். அவர் மைப்பெட்டியைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "எனக்கும் படிச்சுக் காட்டுங்க" என்றார்.

"உனக்குத்தான் நான் எல்லாம் சொன்னேன்ல?" என்று வாசலில் இருந்து என் நாத்தனார் மகன் சத்தம் போட்டான்.

"சொன்னீங்க. படிக்கல."

அந்தத் தாளையும் நான்தான் படித்தேன். அவர் அதைக் கேட்டு, கைநாட்டு வைத்துவிட்டுத்தான் போனார்; எதிர்த்தும் நின்றார். ஆனால் அவர் ஓட்டுக் கேட்டு எந்தத் தெருவுக்கும் போகவில்லை. அவள் ஜெயித்தாள். அந்த வருஷம் என் நாத்தனார் வீட்டுக் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வரவில்லை. மொய் மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜெயித்த பிறகு ஊராட்சி ஆபீஸில் இருந்து தீர்மான நோட்டு முன்னாலேயே எழுதி முடித்து வந்தது. கிராம சபையில், வேப்பமரத்தடியில், எல்லார் முன்னாலும் அதை என்னிடம் நீட்டினாள். குடிநீர், தெருவிளக்கு, வாய்க்கால் தூர் என்று நன்றாகத்தான் போயிற்று. கடைசியில் மூன்று வரி. மீதி மேட்டை அகற்றி மண் எடுக்க ஆட்சேபணை இல்லை என்று. மூன்றையும் படித்தேன். பிறகு அந்தத் தோட்டக்காரரின் மகளைக் கூப்பிட்டாள், ஸ்கூல் முடித்த பெண். அவளும் அதையே படித்தாள்.

"ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் சொல்றீங்க" என்றாள். நோட்டை மூடி அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். "எவன் எழுதுனானோ அவன் வந்து வாங்கிக்கட்டும்."

யாரும் வரவில்லை. மேடு இன்றைக்கும் நிற்கிறது, பாதி கடித்த கொய்யாப் பழம் மாதிரி.

அவள் காலம் முடிந்ததும் பதவி பொதுவாகிவிட்டது. அப்போதும் நின்றாள். "இனிமே உங்களுக்கு இல்லம்மா" என்றார்கள். "ஒதுக்குனா மட்டுந்தான் நிக்கணும்னு எங்க எழுதியிருக்குது? யக்கா, படி" என்றாள். எங்கேயும் எழுதியிருக்கவில்லை. தோற்றாள். மேட்டில் இருந்த ஓட்டைவிட ஏழு ஓட்டு கூட வந்தது. அதில் ஒன்று என்னுடையது. மீதி ஆறு யாருடையது என்று சாகும்வரை ஒவ்வொரு வீட்டையும் உற்றுப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

டெல்லித் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு ஜீப்பில் வந்தவர்களையும் விடவில்லை. "டெல்லியில எங்க ஆளுக்குன்னு எடம் இருக்குதா?" என்று கேட்டாள். வடக்கே தொகுதி தொகுதியாக இருக்கிறது, தமிழ்நாட்டில் எம்.பி. இடம் ஒன்றுகூட இல்லை என்றார் மைக் பிடித்திருந்தவர்.

"விருத்தாசலம் ஸ்டேஷன்ல வடக்க போற ரயிலு நிக்குதில்ல? ஒரு டிக்கெட்டு எடுத்துக் குடு, நான் போயி நிக்கிறேன்."

ஜீப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலமே என் பேத்தியிடம் வந்தாள். அப்படி ஒரு தொகுதியின் கதையைப் போனில் தேடிப் படிக்கச் சொன்னாள். பழங்குடிக்கு ஒதுக்கிய ஏதோ ஒரு வடக்கத்தித் தொகுதி. முதல் தேர்தலில் இருந்து யார் யார் ஜெயித்தார்கள், எந்தக் கட்சி, அப்பனுக்குப் பின் எந்த மகன் என்று பேத்தி வருஷ வரிசையாகப் படித்தாள். இவள் விரல் முட்டியை மடித்து, சூளைச் சாமானைக் கேட்பதுபோல் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"வாபஸ் வாங்குனவங்க பேரு எங்க பாப்பா?"

"அதெல்லாம் போட மாட்டாங்க ஆயா. ஜெயிச்சவங்க, தோத்தவங்கதான்."

"அப்ப கடைசி மூணு வரியை இவுங்களும் விட்டுட்டாங்க" என்றாள்.

என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள். ஆனால் எனக்கு விளங்கியது. ஊராட்சி ஆபீஸில் சுவரில் தலைவர்கள் பெயர்ப் பலகை மாட்டியிருக்கிறது. அதில் தோட்டக்காரர் பெயருக்கு நேராக 'போட்டியின்றி' என்று பெயிண்டில் எழுதியிருக்கிறது. அதைப் படிக்கிறவர்கள், அவள் தானாக விலகிக்கொண்டாள் என்றுதான் நினைப்பார்கள். பயந்துவிட்டாள் என்றுகூட நினைப்பார்கள். அவள் பயப்படவில்லை. அவள் விலகவும் இல்லை. அவளை விலக்கிய தாளைப் படித்தேன் என்று சொன்னது நான். படிக்காமல் சொன்னேன். பத்துப் பேர் முன்னால் திக்கக் கூடாது என்பதற்காக. அவள் 'யாரோ' என்று சொன்ன அந்த ஆள் நான்தான்.

இதைப் படித்தால் என் நாத்தனார் மகன் என்ன சொல்வான் என்று மருமகள் கேட்கிறாள். அவனுக்கும் ஒரு காப்பி கொடுங்கள். மேலே எதையும் மடிக்காமல் கொடுங்கள்.

இங்கே வா பாப்பா. போனைக் கீழே வை. இதை எடுத்து முதலில் இருந்து எனக்குப் படித்துக் காட்டு. என் எழுத்து கோணலாக இருந்தாலும் நீயாக நிமிர்த்தாதே. 'எல்லாம் சரியாத்தான் இருக்குது' என்று நான் சொன்ன இடம் வரும். அங்கே குரலைத் தணிக்காதே, எனக்குக் கேட்க வேண்டும். படித்து முடித்துவிட்டு எழுந்து போ. போய் உன் தம்பியை அனுப்பு. அவனும் ஒரு தரம் படிக்கட்டும். அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுகிறேன்.